எண்ணெய் தீர்ந்த விமானம்

கருமத்தம்பட்டி வழியாகக் கோயமுத்தூருக்கும் சேலத்துக்கும் செல்லும் பெருஞ்சாலையில் ஒரு லாரியில் டீசல் தீர்ந்துவிட்டால் என்ன நடக்கும்? டிரைவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துவார். கிளீனர் கையில் ஒரு கேனை எடுத்துக்கொண்டு அடுத்த பங்குக்கு நடப்பான். ஊற்றி, குழாயில் ஏறிய காற்றை எடுத்து, வண்டியைக் கிளப்புவதற்குள் ஒரு மணி நேரம் வீணாகும். முதலாளியிடம் நாலு வசவு கிடைக்கும். அத்துடன் விஷயம் முடிந்தது.

அதே கருமத்தம்பட்டிக்கு மேலே, அருகிலுள்ள சூலூர் விமானத் தளத்துக்குச் செல்வதும் அங்கிருந்து கிளம்புவதுமான விமானங்களை நம் ஜனங்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள். பீளமேட்டுக்கு வரும் பிரயாணி விமானங்களையும் பார்க்கிறார்கள். அவற்றுள் ஒன்றுக்கு எண்ணெய் தீர்ந்தால் ஓரங்கட்ட இடமில்லை. கேன் எடுத்துக்கொண்டு ஓட ஆளும் இல்லை. இது குழந்தைக்கும் விளங்கும் உண்மை. ஆயினும், விமானம் தோன்றி ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்த பின்னும், எண்ணெய் தீர்ந்து விமானங்கள் விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. இது எப்படி நேருகிறது என்பதை நமது இளைஞர்களும், அவர்களை விமானப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர்களும், பொது விஷயங்களில் கருத்துள்ள அனைவரும் அறிந்துகொள்வது அவசியமாகும்.

தூர தேசத்துக் கதையை முதலில் தேட வேண்டியதில்லை. 1993-ஆம் வருஷம் நவம்பர் 15-ந் தேதி சென்னையிலிருந்து ஹைதராபாதுக்குச் சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் விமானத்துக்கு நேர்ந்ததை நினைத்துப் பார்க்கலாம். ஹைதராபாதில் போதிய தெளிவு இல்லாமையால் விமானம் தரையிறங்க முயன்று, முடியாமல் மீண்டும் மேலே எழும்பிற்று. இறங்கும்போது இறக்கைகளின் பின்னோரத்திலிருந்து நீட்டப்படும் மடல்கள் அப்பொழுது திரும்ப உள்ளே செல்ல மறுத்தன. மடல் நீட்டிய விமானம் குடையை விரித்துக்கொண்டு எதிர்காற்றில் நடப்பவனைப் போன்றது. அதற்கு வேகம் குறையும். எண்ணெய்ச் செலவோ பன்மடங்கு கூடும். கோளாறைச் சரிசெய்யும் முயற்சியில் அங்கேயே நேரம் கழிந்தது. பிறகு சென்னைக்கே திரும்புவது என்று தீர்மானித்தார்கள். சென்னை எட்டவில்லை. திருப்பதிக்கேனும் போகலாம் என்று திரும்பினார்கள். அதுவும் எட்டவில்லை. எண்ணெய் தீர்ந்து, திருப்பதிக்கு அருகே ஒரு நெல்வயலில் அப்பெரும் விமானம் இறங்கிற்று.

அதிலிருந்த 262 பேரும் உயிர் பிழைத்தார்கள். சேற்று வயல் தாயின் மடியைப்போல ஏந்திக்கொண்டது என்று ஜனங்கள் பேசிக்கொண்டால் அதில் தவறில்லை. ஆனால் உயிர் பிழைத்ததற்காகத் தெய்வத்துக்கு நன்றி சொல்லிவிட்டு, விபத்தையும் தெய்வத்தின் கணக்கில் எழுதிவிடுவது தகாது. மடல் சிக்கியது யந்திரத்தின் குற்றம். நேரம் கடத்தியதும், அருகே தகுந்த தளத்தை நாடாததும், மாறிய நிலைமைக்கு எண்ணெய்க் கணக்கை மாற்றிப் போடாததும் மனிதர் குற்றம். முதலாவது மட்டும் நேர்ந்திருந்தால் அது ஒரு தொந்தரவாக முடிந்திருக்கும். இரண்டும் சேர்ந்தபோது விமானம் வயலுக்கு வந்தது.

இது பெரிய விமானத்தின் கதை. அதில் யந்திரங்கள் இரண்டு; விமானிகள் பலர்; தரையிலிருந்து பேசுவோரும் உண்டு. இத்தனை இருந்தும் இவ்வாறு நேர்ந்ததென்றால், ஒரே எஞ்சினும் ஒரே விமானியும் உள்ள சிறு விமானத்தின் நிலை என்ன? இந்த வகை விபத்து அதிகமாக நேருவது சிறு விமானங்களிலேதான். ஆகையால் அவற்றின் அமைப்பைச் சற்றே பார்ப்போம்.

பயிற்சிக்குப் பெரிதும் உபயோகப்படும் சிறு விமானங்களில் பெட்ரோல் டாங்கி இரண்டு இறக்கைகளிலும் ஒவ்வொன்று இருக்கும். விமானியின் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு திருகு உண்டு. இடது டாங்கி, வலது டாங்கி, மூடுதல் என்று அதற்குப் பல நிலைகள். செஸ்னா 172 போன்று இறக்கை மேலே அமைந்த விமானத்தில் எண்ணெய் தானாகவே கீழிறங்கி எஞ்சினுக்கு வரும். இரண்டு டாங்கிகளையும் ஒருங்கே திறந்து வைக்கவும் வசதி உண்டு. இறக்கை கீழே அமைந்த பைப்பர் வகை விமானங்களில் எண்ணெயைப் பம்பு வைத்து மேலேற்ற வேண்டும். பெரும்பாலும் ஒரு சமயத்தில் ஒரு டாங்கியிலிருந்துதான் எடுக்கலாம். விமானி குறித்த நேரத்துக்கு ஒருமுறை நினைவாகத் திருகை மாற்றிக்கொண்டே செல்லவேண்டும்.

எனவே எண்ணெயால் எஞ்சின் நிற்பது இருவகைப்படும். விமானத்தில் எண்ணெயே இல்லாமல் தீர்ந்து போவது ஒன்று. ஒரு டாங்கியில் எண்ணெய் தளும்பிக்கொண்டிருக்க, திருகு காலியான டாங்கியின் பக்கம் இருப்பதால் எஞ்சின் பட்டினி கிடந்து நிற்பது மற்றொன்று. களஞ்சியம் நிறைய நெல் இருந்தும், சாவியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பசியால் மாண்டவன் கதைதான் இது.

அமெரிக்க தேசீயப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011 முதல் 2015 வரை அந்நாட்டில் நடந்த சிறு விமான விபத்துக்களை ஆராய்ந்து 2017-இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. எண்ணெயைச் சரிவர நிர்வகிக்காமையால் மட்டும் வருஷத்துக்குச் சராசரி ஐம்பதுக்கு மேற்பட்ட விபத்துக்கள் நேர்ந்தன என்று அது கண்டது. அவற்றுள் நூற்றுக்கு 95 மனிதர் பிழையால் நேர்ந்தவை. இன்னொரு விவரம் இதனினும் சிந்திக்கத் தக்கது. இவ்விபத்துக்களில் சிக்கியவர்களுள் கற்றுக்கொள்ளும் மாணவர்கள் நூற்றுக்கு 2 பேர்தான். தொழில் முறையில் விமானம் ஓட்டும் உயர்தர லைசென்ஸ் பெற்றவர்களோ ஏறத்தாழ பாதிப் பேர். மாணவன் பயந்து அளக்கிறான். பழகியவன் "போதும்" என்று சொல்லிவிட்டு ஏறுகிறான். அறியாமையைவிடப் பழக்கமே இங்கு பெரிய சத்துரு.

இந்தப் "போதும்" என்ற சொல் ஓர் உயிரைக் கொண்டுபோன வரலாறு உலகறிந்தது. ஜான் டென்வர் என்பவர் அமெரிக்காவின் புகழ்பெற்ற பாடகர். விமானம் ஓட்டுவதில் 2,700 மணி நேரத்துக்கு மேல் அனுபவமுள்ளவர். 1997-ஆம் வருஷம் அக்டோபர் 12-ந் தேதி, தாம் புதிதாக வாங்கிய லாங்-ஈஸி என்னும் சிறு விமானத்தில் காலிபோர்னியாவின் மான்டரேயிலிருந்து தனியே கிளம்பினார். அவ்விமானம் ஒருவர் தம் கையாலேயே கட்டியது. மூல வரைபடத்தில் எண்ணெய்த் திருகு விமானியின் முன்னே, கைக்கு எளிதாக எட்டும் இடத்தில் இருந்தது. எண்ணெய்க் குழாய் விமானியின் அறைக்குள் வரலாகாது என்று எண்ணிக் கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். எண்ணெயின் அளவைக் காட்டும் கண்ணாடிக் குழல்களும் பின்பக்கமே இருந்தன. அவற்றில் அளவுக் குறியீடுகள் இல்லை.

புறப்படுமுன் டென்வரும் அங்கிருந்த தொழிலாளி ஒருவரும் இத்திருகைப்பற்றிப் பேசினார்கள். இடுக்கி ஒன்றை மாட்டி அதன் கைப்பிடியை நீட்ட முடியுமா என்றும் முயன்று பார்த்தார்கள், பயனில்லை. எண்ணெய் அளவைத் திரும்பாமலே காண்பதற்கு ஒரு சிறு கண்ணாடியைத் தொழிலாளி கொடுத்தார். ஒரு டாங்கியில் பாதிக்கும் குறைவு, மற்றொன்றில் காலுக்கும் குறைவு என்று அவர் கண்டார். ஆயினும், சுமார் ஒரு மணி நேரந்தான் பறக்கப் போவதாகவும், எண்ணெய் வேண்டியதில்லை என்றும் டென்வர் சொல்லிவிட்டார். திருகை மாற்ற நேர்ந்தால், விமானத்தைத் தானே நேராகச் செலுத்தும் கருவியிடம் விட்டுவிட்டுத் திரும்பிக்கொள்வதாகவும் சொன்னார்.

சில நிமிஷங்களில் விமானம் சில நூறு அடி உயரத்திலிருந்து கடலில் விழுந்தது. அவர் மாண்டார். வயது 53. விசாரணை செய்தவர்கள் அதேபோன்ற அமைப்பில் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தார்கள். திருகை எட்டுவதற்கு உடலை முழுதும் இடப்புறம் திருப்பவேண்டியிருந்தது. அவ்வாறு திரும்பும்போதெல்லாம், உடம்புக்கு ஊன்றுகோலாக வலது கால் தன்னை அறியாமலே சுக்கான் மிதியை அழுத்திற்று. மிதி அழுந்தினால் விமானம் நிலை குலையும். திருகை எட்ட முயன்றபோது விமானம் கைமீறியதே விபத்தின் காரணம் என்றும், புறப்படுமுன் எண்ணெய் நிரப்பாமல் விட்டதும் ஒரு காரணம் என்றும் வாரியம் தீர்ப்பளித்தது. திருகை எட்டாத இடத்தில் வைத்ததும், குறியீடில்லாத அளவுக் குழல்களும், புது விமானத்தில் போதிய பழக்கமின்மையும் துணை நின்றன என்றும் சொல்லிற்று.

இந்தத் தீர்ப்பில் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. மாண்டவர்மேல் பழி சுமத்திவிட்டு அது நின்றுவிடவில்லை. கருவியை எட்டாத இடத்தில் வைத்த கையையும் அது சுட்டிக்காட்டிற்று. கை எட்டாத இடத்தில் ஆயுதத்தை வைத்துவிட்டுச் சிப்பாய் தோற்றான் என்று சொல்வது நியாயமாகாது. அதே சமயத்தில், ஆயுதம் எட்டவில்லை என்று முன்னாலேயே அறிந்தும் களத்துக்குப் போனவன் பிழையும் பிழையே. டாங்கிகளை நிரப்பியிருந்தால் அன்று அந்தத் திருகைத் தொடவேண்டிய அவசியமே வந்திராது.

"இவ்வளவு எளிய காரியத்தை ஏன் செய்யாமல் விடுகிறார்கள்?" என்று வாசகர்கள் கேட்கலாம். காரணங்கள் உண்டு. சிறு விமானத்துக்கு எடை ஒரு பெரிய சங்கடம். நான்கு ஆசனமுள்ள விமானத்தில் நான்கு பெரியவர்களும் ஏறி டாங்கிகளையும் நிரப்பினால் பெரும்பாலும் அனுமதித்த எடையை மீறிவிடும். எனவே எண்ணெயைக் குறைத்துக்கொண்டு கிளம்பவேண்டிய அவசியம் சில வேளைகளில் உண்மையிலேயே நேருகிறது. எண்ணெய் விலையும் ஒரு காரணம். அளவு காட்டும் முள்ளை நம்புவது மற்றொரு காரணம். சிறு விமானங்களின் முள் பெரிதும் நம்பத்தக்கதன்று என்பது தொழிலறிந்தோர் அனைவரும் ஒப்புக்கொள்வது. இறக்கையின்மேல் ஏறி, மூடியைத் திறந்து, அளவுக்கோலை விட்டுப் பார்ப்பதொன்றே நிச்சயமான வழி. நம் ஊர் லாரி டிரைவர் டாங்கிக்குள் குச்சியை விட்டுப் பார்க்கிறாரே, அதேதான்.

காற்றை மறந்துவிடுவதும் உண்டு. கொங்கு நாட்டாருக்கு இதை விளக்க நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்றை அறியாதவர் இப்பக்கத்தில் யார்? பல்லடம், உடுமலைப் பக்கங்களில் காற்றாலைகளைச் சுழற்றுவது அதுதான். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகமும், மணிக்கு 35 லிட்டர் செலவும் உள்ள ஒரு சிறு விமானம், 65 லிட்டருடன் கோயமுத்தூரிலிருந்து கிழக்கே 200 கிலோமீட்டர் போய்த் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். காற்றின் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர். போகும்போது காற்று பின்னிருந்து தள்ளுவதால் 50 நிமிஷத்தில் சேர்ந்துவிடும். செலவு 29 லிட்டர். மிச்சம் 36 லிட்டர். "வந்ததற்கு 29 தானே, திரும்ப 36 தாராளம்" என்று விமானி திரும்புகிறார். இப்பொழுது காற்று எதிரே. வேகம் 160 ஆகிவிட்டது. திரும்ப வேண்டிய நேரம் 75 நிமிஷம். வேண்டிய எண்ணெய் சுமார் 44 லிட்டர். எட்டு லிட்டர் குறைவு. கோயமுத்தூருக்குச் சுமார் 35 கிலோமீட்டர் கிழக்கே, திருப்பூர்ப் பக்கத்திலேயே எஞ்சின் நின்றுவிடும். கருமத்தம்பட்டிக்குக்கூட வந்து சேராது.

எஞ்சின் நின்றவுடன் விமானம் கல்லைப்போல விழுந்துவிடாது என்பதையும் சொல்லவேண்டும். ஆயிரம் அடி உயரத்துக்குச் சுமார் ஒன்றரை மைல் வீதம் அது சறுக்கிக்கொண்டே இறங்கும். கீழே திறந்த வெளி கிடைத்தால் உயிர் தப்பலாம். ஆனால் விசைத்தறிக் கொட்டகைகளும், தென்னந்தோப்புகளும், மின்சாரக் கம்பிகளும், காற்றாலைகளும் நெருங்கிய பூமியில் திறந்த வெளியைச் சில நிமிஷங்களில் தேடிப் பிடிக்க வேண்டும். விமானி ஒருவர் மட்டும் அபாயத்தில் இல்லை. கீழே தறி ஓட்டிக்கொண்டிருப்பவரும் அபாயத்தில் இருக்கிறார். அவர் எந்த விமானத்திலும் ஏறாதவர். எந்தக் கணக்கிலும் பிழை செய்யாதவர். ஆகவே இது விமானிகளின் சொந்த விவகாரம் என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை.

அளவையே தவறாகக் கொண்டு அபாயத்தில் சிக்கியவர்களும் உண்டு. 1983-ஆம் வருஷம் ஜூலை 23-ந் தேதி ஏர் கானடாவின் போயிங் 767 விமானம் நடு வானில் இரண்டு எஞ்சின்களும் நின்று, கிம்லி என்னும் பழைய விமானத் தளத்தில் சறுக்கி இறங்கிற்று. அதற்கு வேண்டியது 22,300 கிலோ எண்ணெய். பவுண்டுக் கணக்குக்குரிய பெருக்கெண்ணைக் கிலோவுக்குரியது என்று கொண்டதால், அதில் இருந்தது ஏறத்தாழ பாதிதான். அந்நாடு அப்பொழுது பழைய அளவையிலிருந்து மெட்ரிக் அளவைக்கு மாறிக்கொண்டிருந்தது. கணக்கைப் போட்டவர்கள் படிக்காதவர்கள் அல்லர். ஒருவர் போட்டதை மற்றவரும் பார்த்தார்கள். ஆனால் எல்லோரும் ஒரே தவறான எண்ணை வைத்துப் பார்த்தார்கள். அதிலிருந்த 69 பேரும் பிழைத்தது விமானியின் சாமர்த்தியத்தால்.

இவற்றுக்கு நேர்மாறான காட்சி ஒன்றும் நம் நாட்டு வரலாற்றிலேயே இருக்கிறது. 1932-ஆம் வருஷம் அக்டோபர் 15-ந் தேதி ஜே. ஆர். டி. டாட்டா, புஸ் மாத் என்னும் ஒற்றை எஞ்சின் சிறு விமானத்தில் தபால் மூட்டையுடன் கராச்சியிலிருந்து பம்பாய்க்குப் பறந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் பல்லாரி வழியாகத் தபாலைச் சென்னைக்குக் கொண்டு வந்தார். வழியில் ஆமதாபாதில் டாட்டாவின் விமானத்துக்குப் பெட்ரோல் வந்தது மாட்டு வண்டியில். வானொலி வழிகாட்டி இல்லை. சிறந்த ஓடுபாதைகள் இல்லை. ஆயினும் எந்த ஊரில் இறங்குவது, எங்கே எண்ணெய் காத்திருக்கும் என்பது கிளம்புமுன்பே தீர்மானமாகியிருந்தது. சாதனங்கள் குறைவாயிருந்த காலத்தில் முன்யோசனை அதிகமாயிருந்தது. இன்று சாதனங்கள் பெருகியிருக்கின்றன. முன்யோசனையைச் சாதனங்களின் தலையில் கட்டிவிட்டு நாம் நிம்மதியாயிருக்கலாகாது.

தமிழ்நாட்டில் இன்று விமானப் பயிற்சியில் சேர விரும்பும் இளைஞர்களும் யுவதிகளும் பெருகி வருகிறார்கள். பல லட்சம் ரூபாய் செலவழித்து, நிலத்தை அடகு வைத்துக்கூடப் பெற்றோர் அனுப்புகிறார்கள். அப்பயிற்சியில் சேருமுன் அவர்கள் பள்ளியின் கட்டிடத்தையும் விமானங்களின் வர்ணத்தையும் மட்டும் பார்ப்பது போதாது. கிளம்புமுன் மாணவனே இறக்கையில் ஏறிக் கோலை விட்டு அளக்கிறானா, அளந்ததை லிட்டரில் எழுதி ஆசிரியர் சரிபார்க்கிறாரா என்று கேட்கவேண்டும். அடியில் தங்கும் தண்ணீரைக் காண ஒவ்வொரு டாங்கியிலிருந்தும் சிறிது எண்ணெய் வடித்துப் பார்க்கிறார்களா என்று கேட்கவேண்டும். மிச்ச எண்ணெய்க்கு என்ன விதி என்றும் கேட்கவேண்டும். கண்ணால் பார்த்து ஓட்டும் சிறு விமானங்களுக்குப் பகலில் அரைமணி நேரம், இரவில் முக்கால்மணி நேரம் பறக்கத்தக்க எண்ணெய் மிஞ்சும்படி கணக்கிட்டே புறப்படவேண்டும் என்பது அமெரிக்க விதி. அது குறைந்தபட்சந்தான். விவேகமுள்ளவர் ஒரு மணி நேரத்துக்கு வைத்துக்கொள்வர்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று கேட்கவேண்டும். "எண்ணெய் போதாது, நான் ஏறமாட்டேன்" என்று ஒரு மாணவன் சொன்னால் அவனை எவ்வாறு நடத்துகிறார்கள்? கோழை என்று சிரிக்கிறார்களா? நேரம் வீணாயிற்று என்று கடிந்துகொள்கிறார்களா? பாதி வழியில் வேறு தளத்தில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு தாமதமாக வந்தவனுக்குக் கிடைப்பது பாராட்டா, வசவா? பெரியவர் தவறும்போது சிறியவர் வாய் திறக்க இடமில்லாத இடத்தில் எந்த விதியும் உயிரைக் காப்பாற்றாது. பெரியவரிடம் எதிர்த்துப் பேசலாகாது என்னும் மரியாதை நம்மிடையே ஆழ வேரூன்றியது. வீட்டுக்கு அது அழகாயிருக்கலாம். ஆகாயத்தில் அது ஆபத்து.

சர்க்காருக்கும் ஒரு கடமை உண்டு. விமான விபத்துக்களை விசாரிக்க 2012 முதல் நம் நாட்டில் தனி ஸ்தாபனம் இயங்குகிறது. விசாரணையின் நோக்கம் விபத்து மீண்டும் நேராமல் தடுப்பதே, பழி சுமத்துவது அன்று என்பது சர்வதேச ஒப்பந்தத்தின் கொள்கை. அக்கொள்கை பயன் தரவேண்டுமானால் அறிக்கைகள் அலமாரியில் உறங்கலாகாது. விமானத்துக்கு எண்ணெய் ஊற்றுபவரும், அதைச் சுத்தம் செய்பவரும், கற்கும் மாணவரின் பெற்றோரும் படித்து அறியும்படி அவற்றின் சாரம் தமிழிலும் மற்ற நாட்டு மொழிகளிலும் வெளிவர வேண்டும். டென்வரின் விமானத்தில் எண்ணெய் குறைந்திருப்பதைக் கண்டவர் ஒரு தொழிலாளிதான் என்பதை மறக்கவேண்டாம். கண்டதைச் சொல்லவும், சொன்னதை வற்புறுத்தவும் அப்படிப்பட்டவருக்கு அறிவும் அதிகாரமும் இருக்கவேண்டும்.

அளந்து செய்வது கொங்கு நாட்டுக்குப் புதிய பாடமன்று. கிணற்று நீரை மடை மடையாக அளந்து பாய்ச்சி வறண்ட பூமியைப் பயிராக்கிய ஜனங்கள் இவர்கள். ஆயில் எஞ்சினையும் பம்பையும் செய்து நாடெங்கும் அனுப்பிய தொழிலாளர்களின் ஊர் கோயமுத்தூர். இன்று விமானத் தளத்துக்குப் பக்கத்திலுள்ள கலங்கலில் பிறந்த ஜி. டி. நாயுடு, 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொடங்கி, யந்திரத் தொழிலில் பெரும் புகழ் பெற்றார். அந்த மரபில் வந்த பிள்ளைகள் ஆகாயத்தில் ஏறும்போது, தகப்பன் கிணற்று நீரை அளந்த அதே கருத்துடன் டாங்கியை அளக்கட்டும். அளந்து பார்த்துக் குறைவாயிருந்தால், யார் கோபித்தாலும், நேரம் எவ்வளவு ஆனாலும், நிரப்பாமல் புறப்படாதிருக்கட்டும். அந்த மறுப்புக்கு வேண்டிய தைரியத்தை அவர்களுக்குக் கொடுக்கவேண்டியது பள்ளிகளின் பொறுப்பு. அந்தத் தைரியத்தைத் தண்டிக்காமல் காக்கவேண்டியது சர்க்காரின் பொறுப்பு.